கட்டாயம் நிரப்பவும்

கல்ஃபானிடம் பதினோரு தண்ணீர் லாரிகள்.
எல்லாம் நீலம். ஒன்றுக்கு மட்டும் கதவு வெள்ளை,
ஏதோ விபத்துக்குப் பிறகு மாட்டியது.
"போனில் கத்திக் கத்தித் தொண்டை போச்சு,
ஒரு வெப்சைட் செய்து கொடு" என்றார்
பேரீச்சம்பழப் பெட்டியை என் மேசையில் வைத்துவிட்டு.

ரூவியில், பணமாற்றுக் கடைக்கு மேலே எங்கள் ஆபீஸ்.
ஏசி ஒழுகும் இடத்தில் ஒரு பக்கெட்,
பக்கெட்டுக்குப் பக்கத்தில் நான்.

ஆங்கிலம் முடிந்ததும் அரபி.
அதற்குப் பக்கத்தையே திருப்பிப் போட வேண்டும்.
மெனு எழுந்துபோய் எதிர்ச் சுவரில் சாய்ந்துகொண்டது.
அம்புகள் முகம் திருப்பின.
லாரி பின்னோக்கி ஓடியது.
லாரியையும் திருப்பினேன்,
அதன் வயிற்றில் இருந்த எழுத்து
கண்ணாடிக்குள் விழுந்துவிட்டது.
போன் நம்பரின் கூட்டல் குறி
வாலில் போய் ஒட்டிக்கொண்டது.
பிழை திருத்தும் புஸைனா சொன்னாள்:
"உன் அரபியில் தண்ணீர் மட்டும் சரி,
மிச்சமெல்லாம் தாகம்."

கடைசியாகப் படிவம்.
பெயர், போன், எத்தனை கேலன், வீட்டு எண், தெரு எண்,
ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்பு நட்சத்திரம்.
காலியாக விட்டால் பெட்டி சிவக்கும்.
அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க எனக்கு அரை நாள் ஆனது.
மாதுளைச் சிவப்பு.
கடிந்துகொள்ளும், கத்தாது.

ஆகஸ்ட். வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரை.
தலையில் ஷாம்பூ, கண்ணில் ஷாம்பூ,
குழாய் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது.
துண்டைச் சுற்றிக்கொண்டு
நான் கட்டிய கடைக்கே வாடிக்கையாகப் போனேன்.
பெயர்: செண்பகவல்லி.
கேலன்: அறுநூறு.
வீட்டு எண்?

நான்கு வருடமாக இந்த வீடு.
டாக்ஸியில் ஏறினால்
'கந்தூரா தைக்கிற கடைக்குப் பின்னால்' என்பேன்.
எண்ணைக் கேட்டவர் யாருமில்லை,
என்னைத் தவிர.
பெட்டி சிவந்தது.
சுழியம் போட்டேன். ஏற்கவில்லை.
அப்படி ஏமாற்றுவார்கள் என்று
போன மாதமே அந்தச் சந்தை அடைத்தவள் நான்தான்.
தொண்ணூற்றொன்பது என்றேன்.
பச்சை டிக்.
பொய்யை மட்டும் உடனே நம்புகிறது.

ஒரு மணிக்கு டிரைவர் ஷாதாத் கூப்பிட்டான்:
"தொண்ணூற்றொன்பது எங்கே, பெஹன்?"
நுரை காய்ந்த தலையோடு இறங்கி ஓடினேன்,
செல்போன் வெளிச்சத்தை உயரத் தூக்கி ஆட்டிக்கொண்டு.
வந்தது வெள்ளைக் கதவு.
ஹோஸை மாட்டிக்கொண்டே சொன்னான்:
"எல்லாரும் தொண்ணூற்றொன்பதுதான் போடுகிறார்கள்.
இல்லாவிட்டால் நூற்றிப்பதினொன்று."

ஞாயிறு காலை
ஒரே ஒரு சொல்லை அழித்தேன்.
நட்சத்திரம் உதிர்ந்தது.
அந்த இடத்தில் அகலமாக ஒரு பெட்டி:
'எப்படிக் கண்டுபிடிப்பது? சொல்லுங்கள்.'

இப்போது மதியம் தயிர்சாதத்தைக் கிளறிக்கொண்டு
வரிசை வரிசையாக அதைத்தான் படிக்கிறேன்.
கல்ஃபானிடம் சொல்லவில்லை.

'பச்சைக் கேட். பூட்டு தொங்கும், பூட்டியிருக்காது.'

'ஓடாத கொரோலா மேல் பூனை தூங்கும் வீடு.
பூனை இல்லையென்றால் எதிர்வரிசையில் தேடவும்.'

'ஹாரன் வேண்டாம். இப்போதுதான் தூங்கினாள்.'

'போன தடவை வந்த இடம்தான்.
இந்தத் தடவை பணம் இருக்கிறது.'

நேற்று ஒருவர் அரபியில் ஒரே வரி.
புஸைனா படித்துச் சொன்னாள்:
'விளக்கு எரிகிற வீடு.'

எந்தத் தெருவில், எந்த விளக்கு என்று கேட்க
இன்னொரு பெட்டி வைக்கலாம்தான்.
கை விசைப்பலகை வரை போனது.
அதற்குள் அடுத்த கட்டத்தைப் பார்த்தேன்:
லாரி எண் ஏழு, ஷாதாத்,
தண்ணீர் இறக்கியாயிற்று, இரவு 2.20.